வீட்டோடு தங்கிப் பராமரிப்பு: திருவனந்தபுரம் குடும்பங்களும் பராமரிப்பாளர்களும் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

இந்தச் சாசனம் கேரள மாநில அரசுக்கும், மாநில முதியோர் ஆணையத்துக்கும், திருவனந்தபுரம் மாநகராட்சிக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் உரியது. எழுதுகிற நாங்கள் இரு தரப்பினர். ஒரு தரப்பு, படுக்கையில் இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ பெரியம்மாவையோ வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள். மறு தரப்பு, அந்த வீடுகளில் தங்கி இரவு பகலாக அவர்களைப் பராமரிக்கும், ஊரார் ‘ஹோம் நர்ஸ்’ என்று அழைக்கும் தொழிலாளர்கள். கரமனை, வலியசாலை அக்கிரகாரங்கள் முதல் கழக்கூட்டம் அடுக்குமாடிகள் வரை, தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை வரை எங்கள் வீடுகள் இருக்கின்றன. எங்களில் மலையாளம் பேசுகிறவர்களும் உண்டு, தமிழ் பேசுகிறவர்களும் உண்டு.

நிலைமை அரசுக்குத் தெரியும். 2021இல் கேரள மக்களில் 16.5 சதவீதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். நாட்டின் சராசரி 10.1. 2031இல் கேரளத்தில் இது 20.9 சதவீதமாகும் என்பது மத்தியப் புள்ளியியல் அலுவலகமே தந்திருக்கும் மதிப்பீடு. அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல். வெளிநாட்டில் வாழும் கேரளத்தவர் சுமார் 22 லட்சம் என்று 2023ஆம் ஆண்டு கேரளப் புலம்பெயர்வு ஆய்வு சொல்கிறது. பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. பிள்ளைகள் அனுப்பும் பணத்தை வரவு வைத்துக்கொண்ட மாநிலம், அவர்கள் விட்டுச்சென்ற பெற்றோரின் கட்டிலருகே யார் உட்காருவது என்பதை ஏஜென்சிகளின் கைபேசி எண்களுக்கு விட்டுவிட்டது. எங்கள் கோரிக்கைகள் நியாயமானவையா என்று யாரும் எங்களிடம் விவாதித்ததில்லை. ‘பார்க்கலாம்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எப்போது என்பதுதான் இப்போதைய கேள்வி.

எங்கள் முதல் கோரிக்கை, வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒவ்வொரு ஏஜென்சியும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது. பதிவு எண் இல்லாமல் யாரும் ஹோம் நர்ஸ் அனுப்பக் கூடாது. பதிவு பெற்ற ஏஜென்சிகளின் பட்டியலை மாநகராட்சி அலுவலகத்திலும் மாவட்ட சமூக நீதி அலுவலகத்திலும் எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஒரு சிறிய ஆய்வகம் நடத்தக்கூட 2018ஆம் ஆண்டின் கேரள மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு வேண்டும். ஒரு மனிதரின் உடலை முழுநேரமும் அந்நியர் கையில் ஒப்படைக்கும் தொழிலுக்கு மின்கம்பத்தில் ஒட்டிய விளம்பரமும் ஒரு போன் எண்ணும் போதும் என்றிருப்பது நீடிக்க முடியாது. இது புதிய யோசனையும் அல்ல. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதாவிலேயே வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களின் பதிவும் குறைந்தபட்சத் தரமும் எழுதப்பட்டிருந்தன. மசோதா நிறைவேறாமலே அந்த மக்களவை கலைந்தது. டெல்லிக்காகக் காத்திருந்து ஐந்தாறு வருடம் போய்விட்டது. நாட்டிலேயே முதலாவதாக முதியோருக்குத் தனி ஆணையம் அமைக்க 2025 மார்ச்சில் சட்டம் செய்த மாநிலம் இது. பதிவுக்கு ஒரு விதி எழுத அதனால் முடியும்.

பதிவோடு சேர்ந்தது அடையாளச் சரிபார்ப்பு. வேலைக்கு வருகிறவரின் போலீஸ் சரிபார்ப்பு அவர் வீட்டு வாசலில் பை இறக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதற்கான செலவு ஏஜென்சியுடையது. குடும்பத்துடையதும் அல்ல, தொழிலாளியுடையதும் அல்ல. இதற்கு விண்ணப்பிக்கக் கேரளக் காவல்துறையின் ‘துணா’ இணையதளம் ஏற்கெனவே இருக்கிறது. மேலே சொன்ன பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளிலும், தனியாக வாழும் முதியோரின் பட்டியலைக் காவல் நிலையம் வைத்திருக்க வேண்டும், மாதம் ஒரு முறையாவது சமூகப் பணியாளரோடு சென்று பார்க்க வேண்டும், கேட்டால் வேலையாட்களின் பின்னணியை உடனே சரிபார்த்துத் தர வேண்டும் என்று இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது ஒரு கால வரம்பு: விண்ணப்பித்த ஏழு நாளில் பதில். 2025 ஏப்ரலில் பத்தனம்திட்டை மாவட்டத்தில் அல்சைமர் நோயாளி ஒருவரைத் தாக்கித் தரையில் இழுத்ததாக ஹோம் நர்ஸ் ஒருவர் கைது செய்யப்பட்டார். வீட்டில் கேமரா இருந்ததால் அது வெளியே வந்தது. கேமரா இல்லாத வீடுகளே அதிகம். தனக்கு நடந்ததை எடுத்துச் சொல்ல நினைவு இல்லாத நோயாளிகளும் அதிகம்.

இந்தக் கோரிக்கையை வைக்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒரு குற்றத்தைக் காட்டி இந்தத் தொழிலில் இருக்கும் அத்தனை பேரையும் சந்தேகத்தில் நிறுத்துவதை நாங்கள் ஏற்கவில்லை. சரிபார்ப்பு இருதரப்புக்கும் வேண்டும். எந்த வீட்டுக்குப் போகிறோம், அங்கே யார் யார் இருக்கிறார்கள், நோயாளிக்கு என்ன நோய், தொற்று ஏதும் உண்டா என்பதைத் தொழிலாளியிடம் எழுத்தில் சொல்லாமல் அவரை அனுப்பக் கூடாது. ‘லேசான பிரச்னைதான், நடப்பார்’ என்று போனில் சொல்லிவிட்டு, வந்து பார்த்தால் எண்பது கிலோ எடையுள்ள, ஒரு பக்கம் செயலற்ற மனிதரைத் தனியாளாகத் தூக்கச் சொல்வது பல வீடுகளில் நடக்கிறது.

அடுத்தது பயிற்சி. ‘ஹோம் நர்ஸ்’ என்ற பெயரில் வருபவர்களில் பெரும்பாலோர் நர்ஸிங் படித்தவர்கள் அல்லர். இது அவர்கள் குற்றமில்லை. அந்தப் பெயரை வைத்துப் பணம் வாங்குகிறவர்களின் செயல். இரண்டு தரங்கள் தெளிவாக இருக்கட்டும். குளிப்பாட்ட, ஊட்ட, உடை மாற்ற, நடக்கத் துணை நிற்கத் தெரிந்த உதவியாளர் ஒரு தரம். குழாய் வழி உணவு கொடுக்க, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகப் பராமரிக்க, சர்க்கரை அளவு தாழ்ந்தால் அடையாளம் காண, படுக்கைப்புண்ணின் முதல் சிவப்பைப் பார்த்ததுமே தெரிந்துகொள்ளப் பயிற்சி பெற்றவர் மற்றொரு தரம். எந்தத் தரத்து ஆள் வருகிறார் என்பது ரசீதிலேயே எழுதப்பட வேண்டும். ஊதியமும் தரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும்.

பயிற்சி தர இந்த நகரத்தில் ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இங்கே இருக்கிறது. டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய பேலியம் இந்தியா இங்கிருந்துதான் நாடு முழுவதும் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பயிற்சி தருகிறது. அரசின் திறன் பயிற்சி அமைப்பான அசாப் இருக்கிறது. முதியோர் பராமரிப்புக்கென்றே பெண்களைப் பயிற்றுவிக்கும் குடும்பஸ்ரீயின் ‘கே ஃபார் கேர்’ திட்டமும் இருக்கிறது. இந்த நாலையும் ஒரே பாடத்திட்டத்தில் சேர்த்து, தேர்ச்சி பெற்றவருக்கு ஒரே சான்றிதழ் கொடுங்கள். பயிற்சிக் காலத்தில் தினப்படி கொடுங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு ஒரு மாதம் வகுப்பில் உட்கார யாருக்கும் வசதியில்லை. பாடமும் கையேடும் மலையாளத்திலும் தமிழிலும் வர வேண்டும். களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்திலிருந்தும் ஆட்கள் இந்த நகரத்துக்கு வேலைக்கு வருகிறார்கள். கரமனையில் இருக்கும் எண்பத்தைந்து வயது மாமிக்கு வலி எங்கே என்று கேட்கத் தமிழ்தான் வேண்டும். மறதி நோய் வந்தவர்கள் கடைசியாகக் கற்ற மொழியை முதலில் இழப்பதைப் பல குடும்பங்களில் கண்ணால் பார்க்கிறோம்.

மருத்துவமனைகளிடம் எங்களுக்கு ஒரு தனிக் கோரிக்கை உண்டு. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் வீட்டில் பார்க்கப் போகிறவருக்குச் செய்துகாட்டிக் கற்றுக்கொடுக்காமல் டிஸ்சார்ஜ் எழுதக் கூடாது. இப்போது நடப்பது இது: பக்கவாதம் வந்தவரை மூக்கில் குழாயோடு மாலை நேரத்தில் அனுப்புகிறார்கள். வார்டு நர்ஸ் ஒரு தரம் சிரிஞ்சில் கஞ்சி விட்டுக் காட்டுகிறார். கூட நின்ற பைஸ்டாண்டர் தலையாட்டுகிறார். மறுநாள் காலையில் அந்த வீட்டுக்கு வரும் ஹோம் நர்ஸ் அதைப் பார்த்ததேயில்லை. குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, கொடுக்கும்போது தலைமாட்டை எவ்வளவு உயர்த்துவது, கொடுத்தபின் எவ்வளவு நேரம் படுக்க வைக்கக் கூடாது, குழாய் கையோடு வந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அவருக்குச் சொல்லப்படவில்லை. உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகி, அதே நோயாளி சில நாளில் அதே வார்டுக்குத் திரும்புகிறார். டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு மணி நேரம், பராமரிப்பவர் தன் கையால் செய்து காட்டிக் கையெழுத்திட்ட ஒரு தாள், இரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண். இதற்குப் புதிய கட்டடமோ சட்டமோ தேவையில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த மாதமே தொடங்கலாம்.

நான்காவதாக, எழுத்து ஒப்பந்தம். ஒரே ஒரு பக்கம், மலையாளமும் தமிழும் எதிரெதிர்ப் பத்தியில். மாதச் சம்பளம் எவ்வளவு, அதில் ஏஜென்சி எடுத்துக்கொள்ளும் கமிஷன் எவ்வளவு, தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போவது எவ்வளவு என்பது மூன்று எண்களாக அதில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்த வீட்டுக்காரர் எங்களில் அரிது. தொழிலாளி அதைவிட அரிது. இன்று மாதம் 20,000 ரூபாய்க்குக் குறைவாகப் படுக்கை நோயாளியைப் பார்க்க ஆள் கிடைப்பது கடினம். பதிவுக் கட்டணமும் முன்பணமும் வேறு. ஆள் நான்காம் நாள் போய்விட்டால் முன்பணம் என்ன ஆகும், மாற்று ஆள் எத்தனை நாளில் வருவார், வராவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதற்கு இப்போது ஒரே பதில்: ‘ஓணம் கழியட்டும்.’ தொழிலாளர் துறை ஒரு மாதிரி ஒப்பந்தம் அச்சிட்டு வெளியிட வேண்டும். அதில் இல்லாத கட்டணம் எதுவும் செல்லாது என்று அறிவிக்க வேண்டும்.

வேலை எது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். இதை வீட்டுக்காரர்களாகிய நாங்களே எழுதுகிறோம் என்பதைக் கவனியுங்கள். நோயாளியைப் பார்க்க வந்தவர் நோயாளிக்கான சமையல், நோயாளியின் துணி, நோயாளியின் அறை ஆகியவற்றுக்குப் பொறுப்பு. வீட்டில் மற்ற நால்வருக்கும் தோசை வார்ப்பது, கார் கழுவுவது, பேரனைப் பள்ளி வேனில் ஏற்றுவது அவர் வேலையல்ல. ஓர் இரவைப் பாருங்கள். பதினொன்றுக்கு டயப்பர் மாற்றி, பாட்டியை வலப்புறமாகத் திருப்பி, முதுகுக்குப் பின்னும் முழங்கால்களுக்கு இடையேயும் தலையணை கொடுத்துவிட்டுத் தரையில் பாயை விரிக்கிறார். ஒரு மணிக்கு இடப்புறம். மூன்றுக்கு மறுபடி. இரண்டு மணிக்கொரு தடவை திருப்பாவிட்டால் வால் எலும்பின் மேல் தோல் கன்றிப் புண்ணாகும் என்பது அவருக்குத் தெரியும். நடுவில் இரண்டரைக்குப் பாட்டி, இறந்துபோன தன் தங்கையைக் கூப்பிட்டு அழுகிறார். அரை மணி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஐந்தரைக்குத் தைராய்டு மாத்திரை. ஏழு மணிக்கு அடுக்களையிலிருந்து ஒரு குரல்: ‘இன்னும் தேங்காய் திருகலையா?’ அந்தக் குரல் எங்கள் வீடுகளிலிருந்து வருவதுதான்.

ஆகவே ஐந்தாவது கோரிக்கை, பராமரிக்கும் தொழிலாளியின் உரிமைகளைச் சட்டமாக்குவது. இடையறாத எட்டு மணி நேர ஓய்வு, அது பகலில் கிடைத்தாலும் சரி. வாரம் ஒரு முழுநாள் விடுப்பு. படுக்கக் கட்டில், பெட்டி வைக்க இடம், உள்ளே தாழ் போடும் கழிப்பறை. சம்பளம் மாதம் பிறந்த ஏழாம் தேதிக்குள் அவர் கணக்கில். நோயாளியைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டால் சிகிச்சைக்குக் காப்பீடு. நோயாளி இறந்துவிட்டால் அந்த மாதச் சம்பளம் முழுதாக. சாவு வீட்டில் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்பதால் நின்றுபோகும் சம்பளங்கள் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கருதுகிறது. வீட்டுத் தொழிலாளி மாவட்ட உள்ளூர் குழுவில் புகார் தரலாம். அந்தக் குழுவின் முகவரி எத்தனை ஹோம் நர்ஸ்களுக்குத் தெரியும்? ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அதை அச்சிடுங்கள்.

இந்த உரிமைகளுக்கான சட்டத்தை எழுத மாநிலம் காகிதத்தைத் தேட வேண்டியதில்லை. வீட்டுத் தொழிலாளர் ஒழுங்குமுறைக்கும் நலனுக்குமான கேரள மசோதா 2021இலேயே வரைவாகிவிட்டது. பக்கத்தில் தமிழ்நாடு 2007இல் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் நம் தலைமைச் செயலகத்தின் முன் போராட்டத்தில் உட்கார்ந்து, வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் எழாமல் இருந்தார்கள். பராமரிப்பு வேலை செய்யும் பெண்களுக்கு இந்த மாநிலம் எவ்வளவு நிதானமாகப் பதில் சொல்லும் என்பதை நகரமே எம்.ஜி. சாலையில் போகும்போதும் வரும்போதும் பார்த்தது. ஹோம் நர்ஸ்களால் அப்படி வந்து உட்காரவும் முடியாது. உட்கார்ந்தால் பாட்டியைத் திருப்ப ஆளில்லை. கேட்க வர முடியாதவர்களின் கோப்பைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

மாற்று ஆள் ஏற்பாடு வேண்டும். விடுப்பு கொடுக்கச் சொல்கிறோம். அந்த நாளில் நோயாளியை யார் பார்ப்பது? ஒவ்வொரு வார்டிலும் பயிற்சி பெற்ற குடும்பஸ்ரீ உறுப்பினர்கள் சிலரை நாள் கூலிக்கு அழைக்கும் பட்டியல் ஒன்று வார்டு அலுவலகத்தில் இருந்தால் போதும். கட்டணத்தை மாநகராட்சி நிர்ணயிக்கட்டும். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் ஆற்றுக்கால் பொங்காலைக்கும் இந்தப் பட்டியல் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். எழுபது வயது மனைவியே எண்பது வயதுக் கணவரைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு, ஏஜென்சி ஆள் வைக்கவே வழியில்லாத வீடுகளுக்கு, மாதம் இரண்டு நாள் இந்தச் சேவை இலவசமாக இருக்க வேண்டும். அந்த மனைவி கண் மருத்துவரிடம் போய் வரவாவது முடியும்.

பேலியேட்டிவ் நர்ஸின் வருகையைக் கூட்ட வேண்டும். 2008இல் நாட்டிலேயே முதலாவதாக வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக் கொள்கையை அறிவித்தது கேரளம். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் வீடு தேடி வரும் நர்ஸ் இருப்பது நம் பெருமை, அதைச் சொல்லத் தயங்கவில்லை. ஆனால் அந்த நர்ஸ் வருவது எப்போதாவது. கட்டிலருகே எந்நேரமும் இருப்பவர் ஹோம் நர்ஸ். இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே புண்ணுக்கு மருந்து போடுகிறார்கள். நோயாளியின் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம், அதில் இருவர் கையெழுத்தும், வாரம் ஒரு முறையாவது ஒரு தொலைபேசி அழைப்பு. இதோடு ஏர் பெட், சக்கர நாற்காலி, கம்மோட் நாற்காலி, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஆகியவற்றை இரவல் தரும் கிடங்கு ஒவ்வொரு மண்டலத்திலும் வேண்டும். நோயாளி போனபின் பல வீடுகளின் பரணில் இவை தூசி படிந்து கிடக்கின்றன. கொடுக்கக் குடும்பங்கள் தயார், வாங்கிச் சுத்தம் செய்து வைக்க ஓர் அறையும் ஒரு பணியாளரும்தான் இல்லை.

இனி பணம். ஆஸ்வாசகிரணம் திட்டத்தின் நிலுவையை உடனே தீருங்கள், புதிய விண்ணப்பங்களைத் திறவுங்கள், தொகையை உயர்த்துங்கள். முழுநேரமும் ஒரு படுக்கை நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு இந்தத் திட்டம் தருவது மாதம் 600 ரூபாய். பெரியவர்களுக்கான டயப்பர் பத்து நாளைக்கு வாங்கினால் அது முடிந்துவிடும். அந்த 600ம் மாதாமாதம் வருவதில்லை. வேலைக்குப் போகாமல் தாயருகே இருந்துவிட்ட மகளுக்கு அரசு கொடுக்கும் ஒரே அங்கீகாரம் அது. அதைக் கடன் சொல்லி நிறுத்தி வைக்கலாகாது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை 1,600இலிருந்து 2,000 ஆக உயர்த்த 2025இல் முடிவெடுக்க முடிந்தது. பராமரிப்பாளர் தொகையையும் குறைந்தபட்சம் அந்த அளவுக்குக் கொண்டுவருவது அடுத்த பட்ஜெட்டிலேயே நடக்கக்கூடியது.

மாநகராட்சியிடமும் பணம் இருக்கிறது. முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பேலியேட்டிவ் சிகிச்சை ஆகியவற்றுக்கு உள்ளாட்சித் திட்ட நிதியில் 5 சதவீதம் ஒதுக்குவது இங்கே நடைமுறை. அந்தப் பங்கில் வீட்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு செலவானது என்று ஒவ்வொரு வார்டு வாரியாக ஆண்டுக்கொரு முறை அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். கட்டில் வாங்கிக் கொடுத்த படத்தோடு நின்றுவிட வேண்டாம்.

மத்திய அரசுக்கு மாநிலம் எழுத வேண்டிய கடிதம் ஒன்று உண்டு. மருத்துவக் காப்பீடு என்பது இன்றும் மருத்துவமனைப் படுக்கையோடு நின்றுவிடுகிறது. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு 2024இல் அறிவித்த 5 லட்சம் ரூபாய்த் திட்டமும் அப்படித்தான். வீட்டுக் கட்டிலில் கழியும் மாதங்களுக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு தொடங்கிவிட்டன. நாம் இன்று அவ்வளவு கேட்கவில்லை. பராமரிப்பாளரின் சம்பளத்துக்கு வருமான வரிச் சலுகையும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கும் முதல் படி. அந்தக் கடிதம் எழுத ஒரு வாரம் போதும்.

புகார் கேட்க ஓர் இடம் வேண்டும். 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. வருவாய்க் கோட்ட அலுவலரின் தீர்ப்பாயம் இருக்கிறது. இப்போது ஆணையமும் இருக்கிறது. ஆனால் ஏஜென்சி முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை என்றால் எங்கே போவது, ஹோம் நர்ஸுக்குச் சம்பளம் தராத வீட்டுக்காரர் மேல் எங்கே சொல்வது, அம்மாவின் கையில் கன்றிய தடம் கண்டால் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டால் மூன்று அலுவலகமும் மற்ற இரண்டைக் கைகாட்டுகின்றன. ஆணையத்தில் வீட்டுப் பராமரிப்புக்கென்று ஒரு பிரிவு அமையட்டும். வீட்டுக்காரர், தொழிலாளி, முதியவர் மூவரின் புகாரையும் அதுவே பெறட்டும். காயம், பட்டினி, அடைத்துவைத்தல் என்றால் மறுநாளே நேரில் வர வேண்டும். பணத் தகராறு என்றால் பதினைந்து நாளில் முடிவு.

அந்த மூவரில் மூன்றாமவரைப் பற்றி ஒரு கோரிக்கை. முதியவரைக் கேளுங்கள். ஏஜென்சியிடம் பேசுவது துபாயில் இருக்கும் மகன், பணம் அனுப்புவது மருமகள், ஆளைத் தேர்ந்தெடுப்பது பக்கத்து வீட்டுக்காரர். யார் தன்னைக் குளிப்பாட்டப் போகிறார், அவர் ஆணா பெண்ணா, தன் அறையில் கேமரா வைக்கலாமா, காலையில் காபியா கஞ்சியா என்று படுக்கையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மாதிரி ஒப்பந்தத்தில் முதியவரின் கையெழுத்துக்கோ கைநாட்டுக்கோ ஒரு கட்டம் இருக்க வேண்டும். வார்டு பேலியேட்டிவ் நர்ஸோ சமூகப் பணியாளரோ வரும்போது, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு ஐந்து நிமிடமாவது அவரோடு தனியாகப் பேச வேண்டும். மறதி நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் அவசியம்; வார்த்தை போனாலும் பயம் முகத்தில் தெரியும், பயிற்சி பெற்றவருக்கு அதைப் படிக்க வரும்.

கால வரம்பைச் சட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுத் தரும் மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளைகளுக்குக் கொடுத்த அவகாசம் அரசுக்கும் பொருந்தும். இந்தச் சாசனம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளில் டிஸ்சார்ஜ் பயிற்சிக்கான சுற்றறிக்கையும், ஆஸ்வாசகிரணம் நிலுவையும். 60 நாளில் மாதிரி ஒப்பந்தமும், வார்டு மாற்று ஆள் பட்டியலும், ஆணையத்தில் புகார்ப் பிரிவும். 90 நாளில் ஏஜென்சிப் பதிவுக்கான விதி. தொழிலாளர் உரிமைச் சட்டம் அதற்கு அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில். ஏதாவது ஒன்று முடியாதென்றால் ஏன் முடியாது, எந்த மேசையில் நிற்கிறது என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

வாசிக்கிறவர்களுக்கு: உங்கள் வார்டின் வயோஜன சபை, அதாவது முதியோர் சபை, கூடும் நாளைக் கவுன்சிலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் சாசனத்தை அங்கே தீர்மானமாக முன்வையுங்கள். கையெழுத்திடும்போது உங்கள் வீட்டில் பராமரிப்பு வேலை செய்பவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். அதற்கு முன் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் ஏதாவது சேர்க்கச் சொன்னால் சேர்த்துவிட்டுக் கொடுங்கள்.